ஜார்ஜ் இன்: மூணு பக்கத்துல ஒண்ணுதான் மிச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல லண்டன் சவுத்வார்க்ல இருக்கிற ஜார்ஜ் இன் பத்தி வந்த பயணக் கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, ஆனா ஷேக்ஸ்பியர் காலத்துலேர்ந்து அப்படியே நிக்கிற சத்திரம்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது தப்பு. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616ல. 1676ல சவுத்வார்க்ல பெரிய தீ பிடிச்சு அந்தப் பழைய ஜார்ஜ் எரிஞ்சே போச்சு, இப்ப நாம பாக்கிறது 1677ல திரும்பக் கட்டினது.

அதை விட எனக்கு வருத்தம், அந்த மர கேலரிய அழகான பால்கனின்னு ஒரே வரில முடிச்சதுதான். கட்டடத்தோட உயிரே அதுலதாங்க இருக்கு. அது நின்னு வேடிக்கை பாக்க கட்டினது இல்ல, ரூமுக்குப் போற வழி. உள்ள காரிடார் வைக்காம, முற்றத்தப் பாத்த மாதிரி ரெண்டு மாடிக்கும் மரத்தூண் நிறுத்தி, கடைஞ்ச மரக்கம்பில கைப்பிடி போட்டு ஒரு தாழ்வாரம், அதுல நடந்துதான் அவங்கவங்க ரூம் கதவுக்குப் போகணும். கீழ முற்றத்துல கோச் வண்டி, குதிரை, மூட்டைமுடிச்சு, மேல நின்னா எல்லாம் கண்ணுக்கு நேரா தெரியும். தனியா தியேட்டர் கட்டுறதுக்கு முன்னாடி நாடகக்காரங்க இந்த மாதிரி சத்திர முற்றத்துலயும் நாடகம் போட்டிருக்காங்க, ஜனம் கீழயும் நிக்கும், கேலரிலயும் நிக்கும். ஷேக்ஸ்பியர் காலத்த சொல்லணும்னா இதச் சொல்லியிருக்கலாம்.

முற்றத்தச் சுத்தி மூணு பக்கம் இருந்த கட்டடத்துல இன்னிக்கு தெற்குப் பக்கம் மட்டும்தான் மிச்சம், அதுலயும் கேலரி ஒரு பகுதிலதான் இருக்கு. ரயில் வந்து கோச் வண்டிக்கு வேலை இல்லாமப் போனதும் கிரேட் நார்தர்ன் ரயில்வே இந்த இடத்த வாங்கி சரக்கு டிப்போவா வச்சிருந்தாங்க, 1889ல மத்த ரெண்டு பக்கத்தையும் இடிச்சிட்டாங்க. அந்தக் கம்பெனி அப்புறம் சேர்ந்த எல்.என்.இ.ஆர். ரயில்வேதான் 1937ல மிச்சத்த, பழைய கட்டடங்களப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்டுங்கிற அமைப்புக்குக் குடுத்துச்சு, அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனா முற்றத்துக்காகவே கட்டின கட்டடத்துக்கு எதிர்ச்சுவரே இல்லாமப் போனது சின்ன இழப்பு இல்லங்க. உங்க போட்டோல கேலரி மட்டும் தெரியுற மாதிரி எடுத்திருக்கிறதால படிக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஊருக்குள்ள தேம்ஸத் தாண்ட ரொம்ப காலம் லண்டன் பிரிட்ஜ் ஒண்ணுதான் பாலம், ராத்திரி அதோட கதவ வேற சாத்திருவாங்க, அதனாலதான் பாலத்துலேர்ந்து தெற்க போற, ஜார்ஜ் இருக்கிற பரோ ஹை ஸ்ட்ரீட் பூரா வரிசையா சத்திரம் இருந்துச்சு. ஒயிட் ஹார்ட் யார்டு, கிங்ஸ் ஹெட் யார்டு, டால்பட் யார்டுன்னு சந்துப் பேர் மட்டும் இப்பவும் இருக்கு, சத்திரம் ஒண்ணும் இல்ல. கேலரியோட லண்டன்ல தப்பிச்சது ஜார்ஜ் மட்டும்தான்.

அடுத்த இதழ்ல அந்தத் தப்ப திருத்திப் போடுங்க. முடிஞ்சா, கேலரிக்கு முதுகக் காட்டி நின்னு எதிர்ப்பக்கம் இப்ப என்ன இருக்குன்னு ஒரு போட்டோவும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
பழைய கட்டடங்கள் மேல ஆசை உள்ள ஒரு வாசகர்