குறைந்தது நோயா, பரிசோதனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்து மாற்றங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஊரடங்கால் பால்வினை நோய்களும் குறைந்துவிட்டன என்று அதில் போகிற போக்கில் சொல்லியிருந்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. முடிந்தால் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வரியை நம்பி யாராவது பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

இங்கிலாந்துக் கணக்கை எடுத்தால் 2019-ஐவிட 2020-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்ட நோய்களின் கணக்கு. கிளினிக்கே பாதி மூடிக் கிடந்தபோது யார் போய்க் கண்டுபிடிப்பது?

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். கிளமிடியா, கொனோரியா ஆகிய பால்வினை நோய்களைக் கண்டுபிடிக்கும் பெரிய கருவிகள் பலவற்றில்தான் கொரோனா மாதிரிகளும் ஓடின. ஸ்வாப் குச்சி, குழாய், ரசாயனக் கரைசல் எல்லாமே அந்தப் பக்கம் திரும்பின. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 செப்டம்பரில், பால்வினை நோய்க்கான பரிசோதனைக் கிட்டுகள் தட்டுப்பாடாக இருப்பதால் யாருக்கு முதலில் சோதிப்பது என்று வரிசை வகுத்துக் கொடுக்கவே வேண்டியிருந்தது. நோயாளியின் துணையைத் தேடிப் பேசி சிகிச்சைக்கு வரவைக்கும் பணியாளர்களையும் கொரோனா வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். தொடர்புத் தடம் பிடிப்பதில் தேர்ந்தவர்கள் அவர்கள்தானே, அதைக் குறை சொல்லவும் முடியாது.

அதே ஆண்டின் அமெரிக்க எண்களைப் பாருங்கள். கிளமிடியா 13 சதவீதம் குறைந்தது. கொனோரியா 10 சதவீதம் கூடியது. தொடக்க நிலை சிபிலிஸ் 7 சதவீதம் கூடியது. மூன்றும் பரவுவது ஒரே வழியில். மக்கள் ஒதுங்கி இருந்ததுதான் காரணம் என்றால் மூன்றும் சேர்ந்தல்லவா இறங்கியிருக்க வேண்டும்? கிளமிடியா பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. வழக்கமான பரிசோதனையில் தற்செயலாகத்தான் அகப்படும். அந்தப் பரிசோதனை நின்றதும் நோயும் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. கொனோரியா அப்படியில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் வந்தால், குறிப்பாக ஆண்கள், எப்படியாவது டாக்டரைத் தேடிப் போய்விடுவார்கள். முதல் சில வாரங்களில் புதிய உறவுகள் குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனையையும் அதன் தலையில் கட்ட முடியாது.

எனக்குப் பெரிய கவலை சிபிலிஸ்தான். முதலில் ஒரு புண் வரும், பெரும்பாலும் வலிக்காது. கிளினிக்குக் கூப்பிட்டால் "அவசரமா?" என்று கேட்பார்கள். வலியே இல்லாதவர் என்ன சொல்வார்? "இல்லை, அப்புறம் வருகிறேன்" என்று போனை வைத்துவிடுவார். மூன்றிலிருந்து ஆறு வாரங்களில் புண் தானாகவே ஆறிவிடும். சரி, போய்விட்டது என்று அவர் நிம்மதியாகிவிடுவார். கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கும், துணைக்கும் போகும். துணை கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். அமெரிக்காவில் 2012-இல் முந்நூற்றுச் சொச்சம் குழந்தைகள் பிறவி சிபிலிஸோடு பிறந்தார்கள். 2022-இல் 3,700-க்கும் மேல். இந்த ஏற்றம் கொரோனாவுக்கு முன்பே தொடங்கியதுதான். ஆனால் தடுப்பு வேலை மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் அது தளர்ந்தது. இத்தனைக்கும் கர்ப்பிணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, நோய் தொடக்க நிலையில் இருந்தால் நீண்ட நேரம் வேலை செய்யும் பென்சிலின் ஊசி ஒன்று போட்டாலே பெரும்பாலும் போதும்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் தப்பவில்லை. எச்.ஐ.வி., காசநோய், மலேரியா ஒழிப்புக்குப் பணம் தரும் உலக நிதியம் (Global Fund) உதவும் நாடுகளில் 2020-இல் அது 22 சதவீதம் சரிந்தது. ஆணுறைகூட அகப்பட்டுக்கொண்டது: உலகின் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைத் தயாரிக்கும் மலேசிய நிறுவனமான காரெக்ஸ், 2020 மார்ச்சில் ஊரடங்கால் ஆலைகளை மூட வேண்டி வந்தது.

நல்லதும் நடந்தது. மாதிரியை வீட்டிலேயே எடுத்துத் தபாலில் அனுப்பும் கிட்டுகள் பரவலாயின, டாக்டரிடம் போனிலேயே பேச முடிந்தது. ஆனால் நாள் முழுக்கக் குடும்பமே வீட்டில் இருக்கும்போது ஓர் இளம்பெண் இதைப் போனில் எப்படிப் பேசுவாள்? வாசலுக்கு வரும் பார்சலை அம்மா பிரித்துவிட்டால்? தனியாகப் போய்ப் பேச ஓர் அறை வேண்டியவர்களுக்குத் தபால் கிட்டு பதிலாகாது.

ஊரடங்கு விலகியபின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் இங்கிலாந்தில் பதிவான கொனோரியா 82,592 பேருக்கு. 1918-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அப்படி ஓர் எண்ணிக்கை வந்ததில்லை. பரிசோதனை மீண்டும் கூடியதும் ஒரு காரணம் என்றாலும், அதை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

அடுத்த கொள்ளைநோய்க்கென்று அரசுகள் எழுதும் திட்டங்களில் எவையெல்லாம் மூடக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பற்றி உங்கள் இதழ் ஒரு கட்டுரை போட்டால் நல்லது. கர்ப்பிணிகளுக்கான சிபிலிஸ் பரிசோதனையும், புண்ணோ சீழோ என்று வருபவரை நேரில் பார்க்க ஒரு டாக்டரும், துணையைத் தேடும் பணியாளர்களில் சிலரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்