பனியனும் பைன் மரங்களும்

அன்புள்ள மீனா,

உன் கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மகள், மாப்பிள்ளை நலம். முழங்கால் தேவலை.

இங்கே அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், பேரனுக்கு இரவுக் கதை என் பொறுப்பு. ஐந்து வயது. பீமனும் கும்பகர்ணனும் தீர்ந்த பிறகு இந்த ஊர்க்காரனையே பிடித்தேன்: பால் பனியன். பெயருக்குச் சிரித்து முடித்துவிட்டு மேலே படி. மரம் வெட்டும் ராட்சதன். கூடவே பேப் என்ற நீலக் காளை. அவற்றின் காலடிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கித்தான் இங்குள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளாம். அப்பம் சுடும் கல் அவ்வளவு பெரிது; பையன்கள் கொழுத்த பன்றி இறைச்சித் துண்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நெய் தடவுவார்களாம். ஒரு குளிர்காலத்தில் பேசிய பேச்செல்லாம் காற்றில் உறைந்து, வசந்தத்தில் மொத்தமாக உருகி, காடு முழுக்க ஒரே இரைச்சலாம்!

உன் அப்பா நமக்குப் புளுகுக் கதை சொன்ன முறைதான் எனக்கு வழிகாட்டி. கண்ணைச் சிமிட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, எதிர்வீட்டுச் செய்தி போலச் சொல்ல வேண்டும். "பாட்டி, புளுகு!" என்று பிள்ளை கத்தும்போது, "அந்தக் கல்லைக் கழுவப் பதினொரு நாள் ஆனது" என்று அமைதியாக அடுத்ததைப் போட வேண்டும். அவன் உருண்டு சிரிப்பான்.

சிக்கல் பிறகு வந்தது. பெமிட்ஜி ஊரில் 1937-இல் வைத்த பதினெட்டு அடிச் சிலையைக் காட்டக் கூட்டிப் போனோம். அண்ணாந்து பார்த்தவன் கேட்டான்: "இவர் வெட்டினாரே, அந்த மரமெல்லாம் எங்கே?"

எனக்குப் பேச்சு வரவில்லை, மீனா. மரம் வெட்டுவோர் முகாம்களில் வாய்வழியாக வளர்ந்த கதை இது. 1914-இல் ஒரு மரக் கம்பெனி விளம்பரப் புத்தகமாக அச்சிட்ட பிறகே நாடெங்கும் பரவியது. அதற்குள் மிச்சிகன், விஸ்கான்சின் வெள்ளைப் பைன் காடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மினசோட்டாவிலும் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. இதைச் சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விடுவது? இரண்டு இரவு தூக்கமில்லை. புளுகு என்பது அவனும் தெரிந்தே சேர்ந்து ஆடும் விளையாட்டு. அடிமரக் கட்டைகளை மறைத்தால், அவனுக்குத் தெரியாமல் நான் ஆடும் ஆட்டமாகிவிடும். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்தில் இட்டாஸ்கா பூங்கா இருக்கிறது. மிஞ்சிய பைன்களைக் காக்கத்தான் 1891-இல் அதை அமைத்தார்கள். மிசிசிப்பி ஆறு புறப்படுவதும் அங்கேதான். பேரன் கல்லின் மேல் கல்லாகக் கால் வைத்து அதைக் கடந்துவிட்டான். பிறகு ஒரு கிழட்டுப் பைன் மரத்தடியில் உட்கார்த்தி, மற்ற மரங்களெல்லாம் பலகையாகி வீடுகளுக்குப் போய்விட்டன, திரும்ப வளர உன் தாத்தாவுக்குத் தாத்தா வயது வேண்டும் என்று சொன்னேன். வெகுநேரம் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று, கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்: "இந்த மரத்தை வெட்ட வந்தப்போ பேப் இங்கேயே படுத்துக்கிச்சு பாட்டி. பனியன் ஒரு வருஷம் இழுத்தும் எழுந்திருக்கலை."

உன் அப்பா கேட்டிருக்க வேண்டும்!

இப்போது தினமும் அந்தக் காளை எழுந்ததா என்று அவனே எனக்குச் சொல்கிறான். பதிலுக்கு நான் உன் அப்பாவின் முதலைக் கதை சொல்லப்போகிறேன். அதில் வரும் செருப்பு கடைசியில் என்ன ஆயிற்று? எனக்கு மறந்துவிட்டது. உடனே எழுது.

உன்,
சரோஜா