குப்பியில் சீனி படிந்ததும், வரும் சனிக்கிழமைத் தேனெடுப்பும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னத் தேன் குப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அடியில் வெள்ளையாகப் படிகிறதே என்று இரண்டு பேர் போன் செய்தீர்கள். ஒரு வீட்டிலிருந்து குப்பியே திரும்பி வந்தது, "பள்ளிக்கூடத்திலுமா சீனிப்பாகு?" என்று ஒரு துண்டுச் சீட்டோடு. எனக்குக் கோபமில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நம் தோட்டத்தில் இருக்கிற இரண்டு தேனீப் பெட்டியும் ரப்பர் தேன் பெட்டிகள். தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலை வந்து சேருகிற காம்பு முனையில் மிகச் சிறிய சுரப்பிகளில் இனிப்பு நீர் துளிர்க்கும், ஈ குடிப்பது அதைத்தான், பூவை அல்ல. பிள்ளைகள் ஒரு தளிரை ஒடித்து நாக்கில் தொட்டுப் பார்த்து "சார், இலை இனிக்குது!" என்று கத்தியதுதான் இந்த வருடம் நான் பார்த்த மிகச் சிறந்த அறிவியல் வகுப்பு. இந்தத் தேன் சீக்கிரம் உறையும் சாதி, அடியில் படிந்த வெள்ளை அப்படி உறைந்த தேன்தான். ஃபிரிட்ஜில் வைத்த வீடுகளில் இன்னும் சீக்கிரம் உறைந்திருக்கும். குப்பியை இளஞ்சூட்டு வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது போன்ற வீட்டுச் சோதனைகளையும் நம்ப வேண்டாம், நல்ல பாகும் அதில் தேறிவிடும்.

ஒன்றை மறைக்கவும் விரும்பவில்லை. மழைக்காலத்தில் ஈக்குத் தீனி கிடைக்காமல் கூடு இளைத்தபோது நாங்கள் சீனிக் கரைசல் வைத்தது உண்மை. டிசம்பர் நடுவிலேயே அதை நிறுத்திவிட்டோம், தேன் எடுக்கிற மேல் அறையை அதற்கப்புறம்தான் வைத்தோம்.

தேனெடுத்த கதையைப் பிள்ளைகள் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டா (தாத்தா) வந்து செய்துகாட்டினார். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டை நாரைப் பற்றவைத்து ஊதிக் கொஞ்சம் புகை, அப்புறம் மூடியைத் திறந்து தேனடை கட்டிய ஒவ்வொரு சட்டமாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒரு சட்டம் பாதிதான் மெழுகால் மூடியிருந்தது, மீதிக் கண்களில் தேன் பளபளவென்று நின்றது. பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அவர் திரும்ப உள்ளே இறக்கிவிட்டார். "ஈ இன்னும் விசிறி முடிக்கல்ல, இப்ப எடுத்தா புளிச்சிப் பொங்கும்." ஈ சிறகால் விசிறித் தேனின் ஈரத்தை வற்றவைப்பதைத்தான் சொன்னார். மூடியடைத்த சட்டங்களை மட்டும் கத்தியால் சீவி, கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டபோது முதலில் ஒன்றும் காணோம், பிறகு தகர டப்பாவின் உள்சுவரில் மழை பெய்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், வரிசை கலைந்துவிட்டது.

மொத்தம் 4.2 கிலோ. அளந்தால் மூன்றே லிட்டர். தராசு கோளாறு என்று ஏழாம் வகுப்பு தீர்ப்பே சொல்லிவிட்டது, ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோ இருக்கும் என்று புரியவைக்க ஒரு பீரியட் போனது. 52 பேருக்கு 50 மில்லி வீதம் ஊற்றிய மிச்சம்தான் ருசி பார்க்க. பக்கத்தில் கொசுத்தேனும் (கொட்டாத சின்ன ஈயின் தேன்) கொஞ்சம் வைத்திருந்தோம். நம்முடையது வெளிர் மஞ்சள், நேரடியான இனிப்பு. கொசுத்தேனை நக்கியவர்கள் முகம் சுளித்து "புளிக்குது" என்றார்கள், ஒருவன் மட்டும் மூன்று முறை வரிசையில் வந்தான்.

இப்போது என் தப்பு. ஒரு பையனைக் காதோரம் ஈ கொட்டியது, அடித்து நசுக்கியதில் அந்த வாடைக்கு இன்னும் இரண்டு வந்தன. கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தோம், ஐஸ் வைத்தோம், மதியம் அவன் கபடி ஆடினான். ஆனால் மாலை வரை வீட்டுக்குச் சொல்லாமல் விட்டேன். அந்த அம்மா என்னைத் திட்டியது நியாயம். இனி யாரைக் கொட்டினாலும் உடனே போன் வரும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வீட்டில் ஒரு வயது முடியாத குழந்தை இருந்தால் அந்தத் தேனைத் தொட்டும் வைக்காதீர்கள், சேனை வைப்பதற்கும் (பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பது) வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும், காய்ச்சினாலும் சாகாது. பாட்டிமார் கோபித்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சிலர் "படிப்பை விட்டுவிட்டு ஈ எதற்கு" என்றும் கேட்டீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புழுவைத் தாக்கும் நோய் வந்து கூடுகள் செத்தபோது பெட்டிகளை விறகாக்கிய வீடுகள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நிறையச் சொல்வார்கள்.

வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு அடுத்த எடுப்பு. வருகிற பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், தலைக்குத் தொப்பி. சென்ட், மல்லிகைப்பூ இரண்டும் வேண்டாம். பூச்சி கடித்து முன்பு எப்போதாவது மூச்சு முட்டியதோ உடம்பு தடித்ததோ இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், அவர்கள் தூரத்தில் நின்று எடை போட்டு எழுதட்டும். கையெழுத்திட்ட சீட்டு வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டும். கழுவிய காலிக் குப்பியையும் கொடுத்துவிடுங்கள், ஈரம் துடைத்து, மூடியோடு. போன தடவை மூடி இல்லாமல் பதினோரு குப்பி வந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்