எலிட்ச் தியேட்டரை பார்த்துக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து டென்வர்ல இருக்குற எலிட்ச் தியேட்டர் பொறுப்புல இருக்குறவங்களுக்கும் அந்த ஊர் நகரசபைக்கும் வணக்கம்.

முதல்ல நன்றி. தியேட்டர் இருந்த எலிட்ச் கார்டன்ஸ்ங்குற பொழுதுபோக்கு பார்க்கை 1994 சீசனோட காலி பண்ணி ஊர் நடுவுல கொண்டுபோயி வெச்சுட்டாங்க, பழைய இடத்துல வீடும் கடையுமா கட்டியாச்சு, அதுக்கு நடுவுல அந்த எட்டுப்பட்டை மரக் கட்டடம் இன்னும் நிக்குதுன்னா அது தானா நடந்ததில்ல, யாரோ நாயா பேயா அலைஞ்சிருக்கீங்க. ஆனா உள்ள கோடை நாடகம் எங்க?

1890 மே 1-ம் தேதி ஜான் எலிட்சும் மேரி எலிட்சும் மிருகக்காட்சி சாலை, தோட்டம்னு ஆரம்பிச்சது இந்த பார்க். ஒரு வருஷம்கூட முழுசா ஆகல, ஜான் நிமோனியால போயிட்டாரு. அந்தம்மா விட்டுட்டு ஓடல. கரடி வளர்த்தாங்க, நெருப்புக்கோழி பூட்டுன வண்டி ஓட்டுனாங்க (அந்த போட்டோவை தேடிப் பாருங்க, செம கெத்து), 1897-ல நிரந்தரமா ஒரு நாடகக் குழுவை கொண்டுவந்து உக்கார வெச்சாங்க. 1906-ல சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்கு அப்புறம் பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்ன்ஹார்ட் இங்க வந்து ஒரே நாள்ல மதியம் ஒரு நாடகம், ராத்திரி வேற நாடகம்னு ஆடிட்டுப் போயிருக்காங்க. 1951-ல, பின்னாடி ஹாலிவுட் ஸ்டாரான கிரேஸ் கெல்லி இங்கதான் நடிச்சிட்டு இருந்தாங்க, சினிமா வாய்ப்பு வந்து கூட்டிட்டு போயிடுச்சு.

பெரிய பேரெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, விடுங்க. எனக்கு முக்கியமா படுறது அந்தக் குழு வேலை செஞ்ச விதம். நம்ம பக்கம் பாய்ஸ் கம்பெனின்னு பசங்களை வெச்சு நடத்துன நாடகக் குழு இருந்துச்சுல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கோடை பூரா அதே நடிகர்கள், வாரத்துக்கு ஒரு நாடகம். காலைல கைல வசனப் பேப்பரை வெச்சுக்கிட்டு அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, பின்னாடி தச்சர் அதுக்கான செட்டுக்கு ஆணி அடிச்சுட்டு இருப்பாரு, ராத்திரி இந்த வார நாடகம். போன வாரம் ராஜாவா வந்தவரு இந்த வாரம் வேலைக்காரனா ரெண்டே வசனம் பேசிட்டு போவாரு, அதைப் பார்க்குறதுக்குன்னே ஜனங்க திரும்பத் திரும்ப வருவாங்க. புது நடிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாதுங்குறது என் கட்சி.

இது ஏன் படுத்துச்சுன்னும் பார்க்கணும். ஏசி இல்லாத காலத்துல கோடைல நியூயார்க் தியேட்டர் பலதும் வெக்கை தாங்காம மூடிரும், நடிகர்கள் சும்மா இருப்பாங்க, அதான் கோடைக் கொட்டகைகளுக்கு ஆள் கிடைச்சாங்க. ஏசி வந்துச்சு, டிவி வந்துச்சு, அந்தக் கணக்கு மாறிப்போச்சு. 1960-கள்ல குழுவை எடுத்துட்டு ஸ்டார் நாடகத்தை வெளிலருந்து இறக்க ஆரம்பிச்சாங்க. கூட்டம் வந்துச்சு, இல்லங்கல, ஆனா டிவில பார்த்த மூஞ்சிய நேர்ல பார்க்க வர்ற கூட்டம் அந்த மூஞ்சி இருக்குற வரைக்கும்தான் வரும். ஸ்டாருக்கு கொட்டிக் குடுக்கணும், டிக்கெட் விக்கலைன்னா கைய கடிக்கும். கடைசில 1991-ல கதவை சாத்தியாச்சு. ஆக, குழு போனப்பவே தியேட்டர் பாதி போயிடுச்சு, பூட்டு போட்டது அப்புறம்தான்.

இப்போ கோடைல படம் போடுறீங்க. தப்பில்ல, கட்டடம் ஓடணும்ல. ஆனா படத்தை எங்க வேணா பார்க்கலாம், அதுக்கு 1890-கள்ல கட்டுன நாடக மேடை எதுக்கு?

பெருசா ஒன்னும் கேக்கல. ஸ்டார் வேணாம், பிரம்மாண்ட மியூசிக்கலும் வேணாம். ஒரு கோடைக்கு, ஆறே ஆறு வாரம், கொலராடோ பசங்க பத்து பேரை சம்பளம் குடுத்து குழுவா வைங்க. மூணு நாடகம் போதும், ரெண்டு வாரத்துக்கு ஒன்னு, அதே ஆளுங்க மாத்தி மாத்தி வேஷம் கட்டட்டும். ஒத்திகையை ஜனங்க வந்து சும்மா உக்காந்து பார்க்க விடுங்க. நகரசபை முதல் வருஷ நஷ்டத்துல ஒரு பங்கை ஏத்துக்கட்டும், பார்க் போடுறதுக்கு ரோடு போடுறதுக்கு செலவு பண்றீங்கல்ல, அதுல இதுவும் ஒன்னுன்னு நினைச்சுக்கங்க.

டென்வர்ல இருக்குற நம்மாளுங்க யாராவது இதைப் படிச்சா, அடுத்த பொதுக்கூட்டத்துல மைக் கிடைக்கும்போது இந்த ஆறு வார விஷயத்தை மட்டும் இங்கிலீஷ்ல எடுத்து விடுங்க, கூட வேற யாராவது கை தூக்குறாங்களான்னும் பாருங்க.