நீ பாதியில் நிறுத்திய கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் "அப்பா, அது மேலே பட்டதுதானே?" என்று தொடங்கி, சட்டென்று என் செருப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாய். பக்கத்தில் அம்மா இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். விரல்கள் இன்னும் பேனாவுக்கு அடங்கவில்லை. பொறுமையாகப் படி.

பூச்சிமருந்தை நான் குடிக்கவில்லையம்மா.

தெளிப்பான் மூடியின் வாஷர் தேய்ந்துபோய், இரண்டு நாளாக மருந்து முதுகில் கசிந்துகொண்டிருந்தது. இந்த ஒரு சுற்று முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததை வியர்வை என்று நினைத்தேன் என மற்றவர்களிடம் சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு, வாடை நன்றாகவே தெரிந்தது. தெளிப்பானின் முனையில் அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதியதும் உண்டு. குடித்தேன் என்று யாராவது சொன்னால், அந்த அளவுக்குத்தான் அது உண்மை.

மாலையில் கண் மங்கியது. எச்சில் நிற்காமல் ஒழுகியது. தொடைச் சதை தானாகத் துடித்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, விஷத்தை முறிக்க அட்ரோபின் ஊசி போட்டார்கள். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் தசைக்குச் செய்தி சொல்கிறது. சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெடுப்பது அந்த வகை நொதி. நான் தெளித்த ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். செய்தி நிற்காது, தசையும் ஓயாது. விஷம் உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டும். எந்த வழியாகப் போனது என்று காட்டாது. அதனால்தான் பணிக்கு வந்த ஒவ்வொருவரும் என் அருகே குனிந்து, "வீட்டில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். தெளிப்பான் ஒழுகியதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

3-ஆம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மூச்சும் தளர்ந்துவிடுமோ என்று இரவெல்லாம் காத்திருந்தார்கள், நல்லவேளை, தளரவில்லை. நீ வந்தபோது நான் எழுந்து நடமாடியதைப் பார்த்தாய். நிம்மதியோடு திரும்பினாய்.

மருந்து பட்ட 17-ஆம் நாள் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்தன. பிறகு உள்ளங்காலில் ஊசி குத்துவது போல ஒரு குறுகுறுப்பு. அப்புறம் செருப்பு எப்போது கழன்றது என்பதே தெரியாமல் நடந்திருக்கிறேன். அடுத்த வாரம் பாதம் தொங்கிவிட்டது. படி ஏற முழங்காலை மேலே தூக்க வேண்டியிருந்தது. குணமாகி வந்தவனுக்கு இத்தனை நாள் கழித்து இப்படி ஆனால் யார் நம்புவார்கள்? மறுபடியும் ஏதோ செய்துகொண்டான் என்றுதான் பேச்சு. உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகையைப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டாள். அதுதான் எனக்கு வலித்தது.

நரம்பியல் மருத்துவர் மின்சாரம் பாய்ச்சி நரம்பைச் சோதித்தார். இது மீண்டும் விஷம் போனதால் அல்ல, பழைய விஷமே தாமதமாகக் காட்டும் வேலை என்றார். இதில் மருந்து கெடுப்பது வேறொரு நொதியை. அட்ரோபின் இதைத் தடுக்காது. நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. அதனால் முதலில் பாதம், பிறகுதான் கை. 1930-இல் அமெரிக்காவில் இதே இனத்து ரசாயனம் கலந்த இஞ்சிச் சாற்றைக் குடித்த ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் கால் விளங்காமல் போனார்களாம். பிறகு அவர் சொன்னார்: "பெரும்பாலும் குடித்தவர்களுக்கு வருவது. தோல் வழியாகப் போயும் சிலருக்கு வரும்." நான் உன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாக்கியத்தோடு அவள் காது அடைத்துக்கொண்டது.

நரம்பு மீண்டும் வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளருமாம். முழங்காலிலிருந்து கால் விரல் வரை அளவுகோலை வைத்து அளந்து பார்த்தேன், சிரிக்காதே. ஒரு வருடத்துக்கும் மேலே போகிறது. முழுதாகத் திரும்பும் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. தண்டுவடத்திலும் பாதிப்பு இருந்தால் பின்னால் கால் விறைத்துக்கொள்ளலாம் என்றார். இப்போதைக்குப் பாதத்தைத் தாங்க ஒரு பட்டை, தினமும் பயிற்சி. இரவில் அம்மா விளக்கைப் பிடித்து என் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். முள் குத்தினாலும் எனக்குத் தெரியாது அல்லவா.

அடுத்த முறை வரும்போது சாவியைக் கேட்டு வாங்கு. தெளிப்பான் அதே இடத்தில்தான் இருக்கிறது. மூடியைத் திருகி அந்த வாஷரைப் பார், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டு. அன்று பாதியில் விட்ட கேள்வியை அவள் எதிரிலேயே முழுதாகக் கேள்.

அன்புடன்,
அப்பா