வண்டித் திரையை மூத்த கண்ணுக்கு ஏற்ப வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம், கூடலூர் வழியே சபரிமலை வண்டிகள் இரவு பகலாக ஓடும். ஒரே வேனை இளைஞர் ஒருவரும் ஐம்பதைத் தாண்டியவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஆள் மாறும்போது சீட்டை நகர்த்துகிறார்கள், கண்ணாடியைத் திருப்புகிறார்கள். வழி காட்டும் செல்போன் திரையை மட்டும் யாரும் தொடுவதில்லை.

அந்தத் திரை கண்ணிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. தள்ளி இருக்கும். இருபது வயதுக் கண் சாலையிலிருந்து திரைக்குச் சட்டென்று மாறிவிடும். வயது ஏற ஏற விழிலென்ஸ் இறுகுவது நாற்பதுக்கு மேல் தெரியத் தொடங்குகிறது. அறுபதில், தூரப்பார்வை நன்றாக இருப்பவருக்கும் கைக்கெட்டும் தொலைவு மங்கும். பைஃபோகல் போட்டாலும் தீராது: மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி 40 செ.மீ.யில் பேப்பர் படிக்க. 70 செ.மீ. இரண்டிலும் சேராது. திரை கியர் பக்கம் தாழ்வாக இருந்தால் அவர் முகவாயைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியே தேடுவார். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போய்விடும்.

இளைஞர்களுக்கு வேறு ஆபத்து. தாழ்ந்த திரையும் பளிச்சென்று தெரிவதால் பார்வை அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு பார்வை 2 நொடிக்கு மேல் நீளக்கூடாது என்கின்றன அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதல்கள்.

சரியான இடம், ஸ்டியரிங்குக்கு இடப்புறம் நடு ஏசி துவாரத்தின் மேல், திரையின் மேல்விளிம்பு டேஷ்போர்டைத் தாண்டாமல். முன்கண்ணாடியின் வலது மூலையில் ஒட்டினால், வலது வளைவில் எதிரே இறங்கும் வண்டியை முன்கண்ணாடி ஓரத்துத் தூணோடு சேர்ந்து திரையும் மறைக்கும். ஏர்பேக் மூடிமேல் ஒட்டவே கூடாது. அது விரியும்போது செல்போன் முகத்துக்குப் பறக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புகளில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய ஸ்டாண்டுதான் நிற்கும். ஒட்டும் ரப்பர் வெயிலில் இளகி வளைவில் விழும். விழுந்ததைக் குனிந்து எடுக்கப் போய்தான் வண்டி பள்ளத்துப் பக்கம் ஒதுங்குகிறது.

இரவில் இன்னும் கடினம். அறுபது வயது விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். எழுத்து தெரியவில்லை என்று திரை வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். அந்த ஒளி முன்கண்ணாடியில் பட்டு, இருண்ட வளைவைப் பார்க்க விடாது. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் ஏறும் முன்பே வெளிச்சத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், 70 செ.மீ.க்கு 5 மி.மீ. உயரமாவது வேண்டும்.

நாற்பது கடந்தவர் உரிமம் புதுப்பிக்கும்போது தரும் மருத்துவச் சான்றில் 25 மீட்டர் தொலைவில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். 70 செ.மீ. பார்வையையும் சோதிக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். அதுவரை ஓட்டுநர்கள் டேப்பால் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, கண்ணாடிக் கடையில் அந்த அளவைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்றுநர்கள்,
கம்பம், தேனி மாவட்டம்.