கயிற்றில் பழகிய காயில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் நிதியை, படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்குத் தயாராக இருக்கிறார்களா என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பவானிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 26 வருடம் அடிப்படை மின் பொறியியல் பாடம் எடுத்தவன் நான். சேர்த்துப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த முனையில் சேர்ப்பது, வேலைக்குப் போனவர்களை எண்ணும் கடைசி முனையிலா, கற்றுக்கொடுக்கும் முதல் முனையிலா என்பதில்தான் எனக்கு வழக்கு.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த 1978லேயே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டச் சொல்லிக்கொடுப்போம். நல்ல காப்பர் கம்பி விலை அதிகம். வாங்கப் பணம் இருக்காது. அதனால் பழைய காயிலைப் பிரித்து, அதே கம்பியைத் திரும்பச் சுற்றுவோம். நாலு தடவை சுற்றினால், கம்பியோடு கம்பி பட்டு ஷார்ட் ஆகாமல் காக்கும் எனாமல் பூச்சு உதிர்ந்துபோகும். அப்புறம் சணல் கயிறுதான். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன், இரண்டு வருடம் என் பிள்ளைகள் கயிற்றைச் சுற்றித்தான் காயில் கட்டப் பழகினார்கள்.

கயிற்றில் எத்தனை சுற்று என்று எண்ணக் கற்றுக்கொள்ளலாம். எவ்வளவு இழுக்கலாம் என்பது வராது. கம்பியை அதிகம் இழுத்தால் மெலியும், எனாமல் விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். என்னிடம் படித்த பையன் ஒருவனை மோட்டார் ரிவைண்டிங் கடையில் சேர்த்துவிட்டேன். ஒரே வாரத்தில் கடைக்காரர் போன் செய்தார். "என்ன சார், பையன் பேப்பர்ல எல்லாம் எழுதுறான், கம்பியைத் தொட்ட மாதிரியே தெரியலையே." நான் என்ன பதில் சொல்வது?

சரி, பணம் எப்படி வருகிறது? மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் தலைக்கணக்கில் வருகிறது. 2018இல் போட்ட விதிப்படி 101 முதல் 250 பிள்ளைகள் வரை 50,000 ரூபாய், 251 முதல் 1000 வரை 75,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். மிச்சத்தில் சாக்பீஸ், கரண்ட் பில், உடைந்த குழாய். வரலாறு படிக்கும் பிள்ளையும் லேத் ஓட்டும் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரே தலைதான். புதிய திறன் பாடங்களுக்கென்று தனி நிதி உண்டு என்பார்கள், எங்கள் பள்ளிக்கு அது எட்டவில்லை. அந்தத் தலைக்கணக்குப் பணத்துக்கே இழுபறி வந்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதும், தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனதும் எல்லோருக்கும் தெரியும்.

வேலைக்குப் போனவர்களை எண்ணி அதற்கேற்பப் பணம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. அப்படிச் செய்தால் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்குக் கொட்டும். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கும் பள்ளிக்கு என்ன வரும்? பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் கம்பெனி வேண்டாமா?

2022 மார்ச்சில் ஆரம்பித்த 'நான் முதல்வன்' திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஆனால் வழிகாட்டுவது வேறு, கையில் கம்பியைக் கொடுப்பது வேறு.

நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு ஆள் போடவில்லை, இரண்டே வருடத்தில் பிரிவையும் மூடிவிட்டார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்போது விலையில்லா சைக்கிள்களுக்கு வெளியாட்கள் வந்து பெடல் மாட்டுகிறார்கள். (பிள்ளைகளிடம் ஸ்பேனரைக் கொடுத்தால் அவர்களே மாட்டியிருப்பார்கள்.)

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. தொழிற்பிரிவு உள்ள பள்ளிக்குப் பாடவாரியாக, செய்முறைப் பொருள்களுக்கென்று தனித் தொகை ஒதுக்க வேண்டும். அது ஜூன் மாதமே கைக்கு வர வேண்டும். பிப்ரவரியில் வந்தால் செய்முறைத் தேர்வே தொடங்கியிருக்கும். ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். வருடக் கடைசியில் அதிகாரிகள் பில்லை மட்டும் பார்க்காமல், பிள்ளைகள் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்,
ஈரோடு மாவட்டம்.